சொற்களின் வயதைத் தேடிய டாக்டர் மைனர்

அந்தமானில் ஷாதிபூரில் குடியிருக்கும் தமிழர்களுக்கு அப்பகுதியின் பெயருக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. ஷாதி என்றால் கல்யாணம். பூர் என்றால் ஊர். நன்னடத்தையால் சலுகை பெற்ற ஆண் கைதிகளுக்கும் பெண் கைதிகளுக்கும் மணம் முடித்துக் குடித்தனம் வைத்த காலத்தில் ஏற்பட்ட பெயர் என்று அதற்குக் காரணம் சொல்வதுண்டு. கைதிகள் போனார்கள், அந்தக் கல்யாணங்களும் போயின. போர்ட் பிளேர் என்ற நகரத்தின் பெயரே 2024ல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. ஷாதிபூர் மட்டும் பழைய கதையைச் சுமந்துகொண்டு அப்படியே நிற்கிறது.

ஊர்ப் பெயருக்கு உள்ள இந்தக் குணம் எல்லாச் சொற்களுக்கும் உண்டு. 'டிரான்ஸ்போர்ட்' என்றதும் இன்று பஸ்ஸும் லாரியும் கப்பலும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் 1860ல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 'டிரான்ஸ்போர்டேஷன்' என்பதற்கு வேறு பொருள். குற்றவாளியைக் கடல் கடத்திக் கொண்டுபோய்த் தள்ளிவிடுவதே அது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதற்குத் தீவாந்திர தண்டனை என்று பெயர். 1956 ஜனவரி முதல் தேதியிலிருந்து சட்டப் புத்தகத்தில் அந்தச் சொல்லின் இடத்தில் ஆயுள் சிறை என்பது வந்து உட்கார்ந்தது. அந்தமானுக்கு மக்களைக் கொண்டுவந்து சேர்த்த சொல், இன்று ஒரு போக்குவரத்துச் சொல்லாகச் சாதுவாகிவிட்டது!

இவ்வாறு சொற்கள் உதிர்த்துவிட்டுப் போன பழைய பொருள்களையெல்லாம் பொறுக்கி, எந்தப் பொருள் எந்த ஆண்டில் வழங்கியது என்று சான்றுடன் காட்ட எழுந்ததுதான் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி. அதற்காக உழைத்த ஆயிரக்கணக்கானோரில் ஒருவருடைய வாழ்க்கை மட்டும் மற்ற எவருடையதையும் போன்றதல்ல. அவர் யாழ்ப்பாணத் தமிழர் நடுவே வளர்ந்தவர், டாக்டர், ராணுவ அதிகாரி, கொலை செய்தவர், முப்பத்தெட்டு ஆண்டுகள் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தவர். அவர் பெயர் வில்லியம் செஸ்டர் மைனர்.

ஒரே மாதத்தில் இரண்டு கொலைகள்

1872ம் ஆண்டு பிப்ரவரி 8ந் தேதி மாலை. இந்தியாவின் வைஸ்ராய் மேயோ பிரபு ஹாரியட் மலை மேலிருந்து அஸ்தமனத்தைப் பார்த்துவிட்டு, ஹோப் டவுன் படகுத்துறைக்கு இறங்கி வந்தார். இருட்டிலிருந்து பாய்ந்த ஷேர் அலி என்ற கைதி அவரைக் கத்தியால் குத்தினார். வைஸ்ராய் உயிர் பிழைக்கவில்லை. அடுத்த மாதம் 11ந் தேதி ஷேர் அலி வைப்பர் தீவில் தூக்கிலிடப்பட்டார். அந்தமானில் வசிப்பவர்கள் நன்கறிந்த வரலாறு இது.

மேயோ பிரபு இறந்து சரியாக ஒன்பதாம் நாள், பிப்ரவரி 17ந் தேதி பின்னிரவில், லண்டனில் லாம்பெத் என்ற ஏழைத் தொழிலாளர் பேட்டையில் துப்பாக்கி வெடித்தது. பீர் தொழிற்சாலையில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் ஜார்ஜ் மெரட் என்ற தொழிலாளி, அதிகாலை வேலைக்குச் சென்றுகொண்டிருந்தவர், கழுத்தில் குண்டு பாய்ந்து செத்தார். வீட்டில் பல குழந்தைகள். மனைவி எலைசா கர்ப்பிணி. சுட்டவர் ஓடவில்லை. வந்த போலீஸ்காரரிடம் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு நின்றார். இரவில் தம் அறைக்குள் நுழைந்து தம்மைத் துன்புறுத்தும் ஆள் என்று எண்ணித் துரத்திச் சென்றதாகவும், ஆள் மாறிப்போயிற்று என்றும் அவர் தெரிவித்தார். அவர்தாம் அமெரிக்க ராணுவத்தில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்ற மைனர். அப்போது வயது 37.

இரண்டு குற்றங்களையும் ஒரே தட்டில் வைக்க இடமில்லை. ஷேர் அலி யாரைக் குத்துகிறோம் என்று தெரிந்து குத்தினார். மைனர் உலகத்திலேயே இல்லாத ஓர் எதிரியைச் சுட்டார். செத்தது ஒரு பாவமும் அறியாத கூலிக்காரர்.

மானிப்பாய் அச்சகம்

மைனரின் பெற்றோர் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியைச் சேர்ந்த மிஷனரிகள். தந்தை ஈஸ்ட்மன் ஸ்ட்ராங் மைனர் போதகரல்ல. அச்சுத் தொழில் தெரிந்தவர். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் மானிப்பாயில் அமைத்த அச்சகத்தை நடத்துவதற்காகவே அனுப்பப்பட்டவர். 1834ம் ஆண்டு ஜூன் மாதத்தில் இலங்கையில் மகன் பிறந்தான். குழந்தைக்கு மூன்று வயதாகும்போது தாய் லூசி க்ஷயரோகத்தால் இறந்தார். தந்தை மறுமணம் செய்துகொண்டார்.

அந்த அச்சகம் தமிழுக்குச் செய்த தொண்டு சிறிதல்ல. பாடப்புத்தகங்களும் துண்டுப் பிரசுரங்களும் அங்கே ஆயிரக்கணக்கில் அச்சாயின. 1842ல், சிறுவன் மைனருக்கு எட்டு வயதில், அங்கிருந்து ஒரு பெரிய தமிழ் அகராதி வெளிவந்தது. சந்திரசேகர பண்டிதர் முதலிய யாழ்ப்பாணத்துப் புலவர்கள் உழைத்த அந்த நூலில் சுமார் 58,500 சொற்கள் இருந்தன. யாழ்ப்பாண அகராதி என்றும் மானிப்பாய் அகராதி என்றும் தமிழறிஞர்கள் இன்றளவும் குறிப்பிடுவது அதைத்தான். பழைய நிகண்டுகள் செய்யுளாக இருந்தன. மனப்பாடம் செய்தவருக்கே அவை பயன்பட்டன. அகர வரிசையில் சொல்லைத் தேடிப் பொருள் காணும் புது வழக்கத்தைத் தமிழுக்குப் பழக்கிய நூல்களில் மானிப்பாய் அகராதி ஒன்று. தந்தையின் அச்சுக் கூடத்தில் அகராதி உருவாவதைக் கண்ட பிள்ளை, பிற்காலத்தில் இன்னொரு மொழியின் மாபெரும் அகராதிக்குத் தோள் கொடுத்தது விதியின் வேடிக்கை எனலாம்.

பதினான்காம் வயதில் சிறுவனைப் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அக்காலத்தை ஒட்டித்தான் டாக்டர் சாமுவேல் கிறீன் என்ற இன்னோர் அமெரிக்கர் மானிப்பாய்க்கு வந்து, ஆஸ்பத்திரி நிறுவி, பின்னர் தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவத்தைக் கற்பித்துப் புகழ் பெற்றார். மைனரும் மருத்துவத்தையே தேர்ந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் பயின்று 1863ல் பட்டம் பெற்றார்.

போரும் பேதலிப்பும்

அமெரிக்காவில் அப்போது உள்நாட்டுப் போர். பட்டம் பெற்ற கையோடு மைனர் வடக்கு மாநிலங்களின் படையில் டாக்டராகச் சேர்ந்தார். புல்லாங்குழல் வாசிப்பதும் நீர்வண்ண ஓவியம் தீட்டுவதும் அவருடைய பொழுதுபோக்குகள். அப்படிப்பட்டவர் கண்டது, கையும் காலும் அறுக்கப்படுவதற்காக வரிசையாகக் கிடந்த இளைஞர்களை. 1864 மே மாதம் வர்ஜீனியாவில் நடந்த வைல்டர்னஸ் போரில் காடே தீப்பிடித்து, நகர முடியாத காயக்காரர்கள் நெருப்பில் மாண்டார்கள். போரின் கொடுமை அவர் மனத்தைக் கெடுத்ததா, பிறவியிலேயே நோயின் விதை இருந்ததா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு.

போர் முடிந்தபின் நோய் வெளிப்பட்டது. சக அதிகாரிகள் தமக்கு எதிராகச் சதி செய்வதாகச் சந்தேகப்பட்டார். கைத்துப்பாக்கி இல்லாமல் வெளியே செல்லமாட்டார். 1868ல் வாஷிங்டனில் உள்ள செயின்ட் எலிசபெத் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பணியின் காரணமாக வந்த நோய் என்று ராணுவம் ஒப்புக்கொண்டு ஆயுட்கால ஓய்வூதியம் வழங்கியது. இடமாற்றம் மனத்துக்கு நல்லது என்று எண்ணி, 1871ல் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். பெட்டியில் ஓவியச் சாமான்களும் இருந்தன, துப்பாக்கியும் இருந்தது.

புகலிடம்

1872 ஏப்ரலில் விசாரணை நடந்தது. சித்தம் பேதலித்த நிலையில் செய்த கொலை என்று ஜூரிகள் தீர்மானித்தார்கள். தூக்குமேடை இல்லை, விடுதலையும் இல்லை. லண்டனுக்கு மேற்கே கிரௌதார்ன் கிராமத்தை அடுத்துள்ள பிராட்மூர் காப்பகத்தில், கால வரம்பின்றி அடைக்கப்பட்டார்.

அந்த இடத்துக்கு அக்காலத்தில் இட்டிருந்த பெயரில் 'லூனடிக்', 'அசைலம்' என்ற இரண்டு சொற்கள் இருந்தன. இரண்டுமே பழம்பொருள் சுமந்தவை. சந்திரனைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது 'லூனடிக்'. பிறை வளர்ந்து தேய்வதற்கேற்ப மனம் கலங்கும் என்ற பழைய நம்பிக்கை அதில் உறைந்திருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியில் பித்து அதிகமாகும் என்று நம் பாட்டிமார் சொல்வதும் அதே நம்பிக்கைதான். 'அசைலம்' என்பதன் வேர் கிரேக்கம். அங்கே புகுந்தவனை யாரும் பிடித்துச் செல்லக்கூடாது என்பதே மூலப் பொருள். குற்றவாளியும் கடன்காரனும் ஓடி ஒளியும் கோவில் போன்ற இடம் அது. பிறகுதான் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்ற பொருள் வந்து ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரிகளெல்லாம் தங்கள் பெயரை மாற்றிக்கொண்ட பின், அந்நிய நாட்டில் அகதிக்குக் கிடைக்கும் அரசியல் புகலிடம் என்ற அளவில் சொல் தன் பழைய பொருளுக்கே ஏறக்குறையத் திரும்பிவிட்டது. மைனருக்குப் பிராட்மூர் மூன்று பொருளிலும் 'அசைலம்' ஆயிற்று.

அபாயமற்றவர்களுக்கான பகுதியில் அவருக்கு இரண்டு அறைகள் கொடுத்தார்கள். ஓய்வூதியம் தவறாமல் வந்தது. ஒரு அறையில் தரையிலிருந்து கூரை வரை புத்தகங்கள் நிரம்பின. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் அச்சான அரிய பிரதிகளையெல்லாம் லண்டன் புத்தகக் கடைகளிலிருந்து தருவித்தார்.

பகலில் அவர் படித்தவர், பண்பாளர். இருட்டியதும் வேறு மனிதர். தரைக்கு அடியிலிருந்து ஆட்கள் எழுந்து வந்து தம்மை வதைப்பதாகவும் புத்தகங்களை நாசம் செய்வதாகவும் அலறுவார். காலையில் அதிகாரிகளிடம் புகார் எழுதிக் கொடுப்பார். இது ஒரு நாள் இரண்டு நாளல்ல, முப்பதாண்டுகளுக்கு மேல்.

தாம் கொன்றவருடைய குடும்பத்தை அவர் மறக்கவில்லை. எலைசா மெரட்டுக்குப் பண உதவி செய்தார். அந்த அம்மாள் பிராட்மூருக்கே வந்து அவரைப் பார்த்தாள். ஒரு முறை அல்ல, பல மாதங்கள் வந்தாள். லண்டனிலிருந்து புத்தகங்கள்கூட வாங்கி வந்தாள். கணவனைக் கொன்றவனுக்குப் புத்தகம் சுமந்த அவளுடைய மனத்தை எந்த அகராதிச் சொல்லால் குறிப்பது?

அகராதி பிறந்த கதை

1857ல் லண்டன் மொழியியல் சங்கத்தார், இருக்கிற ஆங்கில அகராதிகள் போதா என்று முடிவு செய்தார்கள். நல்ல சொல், கெட்ட சொல் என்று தேர்ந்தெடுப்பது அகராதிக்காரன் வேலையல்ல. மொழியில் வழங்கிய ஒவ்வொரு சொல்லும், அதன் ஒவ்வொரு பொருளும், ஆண்டு வாரியாகச் சான்றுடன் வரவேண்டும் என்றார்கள். எண்ணம் பெரிது, ஆள் இல்லை. இருபது ஆண்டுகள் ஓடின. முதல் ஆசிரியர் இளம் வயதிலேயே இறந்தார்.

1879ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் பொறுப்பேற்றது. ஆசிரியராக அமர்ந்தவர் ஜேம்ஸ் மர்ரே. ஸ்காட்லாந்தில் ஒரு தையற்காரரின் மகன். பதினான்கு வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்தியவர். தம் முயற்சியாலேயே பல மொழிகள் கற்றுப் பள்ளி ஆசிரியரானவர். அதுவரை சேர்ந்திருந்த குறிப்புச் சீட்டுகள் மூட்டை மூட்டையாக அவர் வீட்டுக்கு வந்து இறங்கின. ஒரு மூட்டையில் செத்த எலி கிடந்தது. தோட்டத்தில் தகரக் கொட்டகை போட்டு, சுவரெங்கும் புறாக்கூண்டு போல் 1,029 அறைகள் அமைத்து, சீட்டுகளை அகர வரிசைப்படுத்தினார்.

இன்னும் வேண்டியிருந்தது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்த எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள் அச்சிட்டு அனுப்பினார். பழைய நூல்களைப் படியுங்கள். சொல், ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம், அச்சொல் வரும் வாக்கியம் ஆகியவற்றை ஒரு சிறு சீட்டில் எழுதி அனுப்புங்கள் என்பது அதன் சாரம். அந்த வேண்டுகோளின் பிரதி பிராட்மூர் அறைக்குள்ளும் எப்படியோ போய்ச் சேர்ந்தது.

சொல்லின் ஜாதகம்

இவ்வளவு பாடுபட்டுப் பழைய பொருளைத் தேடுவானேன் என்று கேட்கலாம். சில உதாரணங்கள் விளக்கும். 'நைஸ்' என்று இன்று யாரையாவது புகழ்ந்தால் மகிழ்வார். 1300ஐ ஒட்டி அச்சொல்லுக்கு மூடன் என்று பொருள். பிறகு எதிலும் குறை காண்பவன், பிறகு நுட்பமானது என்றெல்லாம் வளைந்து, பதினெட்டாம் நூற்றாண்டில்தான் இனியது என்ற பொருள் நிலைத்தது. 'சில்லி' என்பது இதற்கு நேர் எதிர். பாக்கியசாலி, தெய்வ அருள் பெற்றவன் என்று தொடங்கி, கள்ளமற்றவன், பாவப்பட்டவன் எனச் சரிந்து, அசடு என்பதில் வந்து நின்றது. 'கேர்ள்' என்பது ஒரு காலத்தில் ஆண் பெண் பேதமின்றி எந்தக் குழந்தையையும் குறித்தது. 'மீட்' என்பது மாமிசம் அல்ல, பொதுவாக உணவு.

தமிழருக்கு இது புதிதல்ல. நாற்றம் என்பது சங்ககாலத்தில் நறுமணம். இன்று மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம். உரையாசிரியர்கள் இல்லாவிட்டால் பழம்பாட்டின் பூவெல்லாம் துர்நாற்றம் வீசுவதாக அல்லவா கொள்வோம்!

பழைய பொருள் முற்றிலும் செத்துவிடுவதும் இல்லை. இந்திய பாஸ்போர்ட்டில் குடியரசுத் தலைவரின் பெயரால் அச்சிட்டுள்ள வேண்டுகோளில் 'லெட்' என்ற சொல் இருக்கிறது. பள்ளிக்கூட ஆங்கிலத்தில் அது 'அனுமதி'. பாஸ்போர்ட்டிலோ அதற்கு நேர் மாறாகத் 'தடை' என்று பொருள். தடையோ இடையூறோ இல்லாமல் செல்ல விடவேண்டும் என்பதே அந்த வாசகத்தின் கருத்து. டென்னிஸ் ஆட்டத்தில் பந்து வலையைத் தொட்டால் 'லெட்' என்பதும் அந்தத் தடைதான் என்பர். கோர்ட்டு மனுவின் முடிவில் வரும் 'பிரேயர்' சாமி கும்பிடுவது அல்ல, வேண்டும் பரிகாரம் என்பதை வக்கீல் குமாஸ்தாக்கள் அறிவர். பிரிட்டனில் பழையதாகிப் போன கடிதப் பிரயோகங்கள் இந்திய ஆபீஸ் கோப்புகளில் இன்றும் உயிரோடு உலவுகின்றன. அவற்றை அறியாதவன் அவற்றைத் தவறு என்று சிரிப்பான். அறிந்தவனுக்கு அவற்றின் வயது தெரியும்.

அறைக்குள் நடந்த வேலை

மைனர் 1880ஐ ஒட்டி அகராதி வேலையைத் தொடங்கினார். மற்றத் தொண்டர்கள் ஒரு புத்தகத்தைப் படித்து, கண்ணில் பட்ட சொற்களுக்குச் சீட்டு எழுதி அனுப்பினார்கள். வினோதமான சொற்களே எல்லோர் கண்ணிலும் பட்டன; சாதாரணச் சொற்களைக் கவனிப்பாரில்லை. வேண்டாத சொல்லுக்குச் சீட்டு குவியும். வேண்டிய சொல்லுக்கு ஒன்றும் இராது. இது மர்ரேக்குப் பெரிய தலைவலி.

மைனர் வேறு வழி கண்டார். ஒவ்வொரு புத்தகத்தையும் படிக்கும்போது, அதில் வரும் முக்கியமான சொற்களையெல்லாம் பக்க எண்ணுடன் பொடி எழுத்தில் அகர வரிசைப்படி ஒரு குறிப்பேட்டில் பதிந்துகொண்டார். சீட்டு எதையும் உடனே அனுப்பவில்லை. ஆக்ஸ்போர்டுக்குக் கடிதம் எழுதி, இப்போது எந்தச் சொல்லில் வேலை நடக்கிறது, எதற்குச் சான்று குறைகிறது என்று கேட்டார். பதில் வந்ததும் குறிப்பேட்டைப் புரட்டி, அந்தச் சொல் எந்த எந்த நூலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கண்டு, வாக்கியங்களைப் பிரதி செய்து அனுப்பினார். கிணறு வெட்டி வைத்துக்கொண்டு, தாகம் என்றவனுக்கு அப்போதே இறைத்துக் கொடுத்தது போல!

நல்ல மளிகைக் கடைக்காரர் எந்தச் சரக்கு எந்த டின்னில் என்று இருட்டிலும் கை நீட்டி எடுப்பார் அல்லவா? அப்படி மர்ரேயின் உதவியாளர்கள் கடினமான சொல் வந்தால் மைனருக்கு எழுதத் தொடங்கினார்கள். சில நாட்களில் உறை வந்துவிடும். ஆண்டுக்கணக்கில் பல்லாயிரம் சான்றுகள் இவ்வாறு போயின. கடந்த நான்கு நூற்றாண்டுச் சொல்வழக்கை மைனர் அனுப்பிய சான்றுகளைக் கொண்டே எளிதில் விளக்கிவிடலாம் என்ற கருத்தை மர்ரே பின்னர் வெளியிட்டார்.

'கேட்டமரான்', 'செரூட்', 'கறி' போன்ற தமிழ்ச் சொற்களும் கட்டுமரமாகவும் சுருட்டாகவும் தாங்கள் பிறந்த இடம் காட்டப்பட்டு அந்த அகராதியில் இடம் பெற்றன. யாழ்ப்பாணக் கரையில் கட்டுமரங்களைக் கண்டு வளர்ந்த ஒருவர் அந்த அகராதிக்கு உழைத்துக்கொண்டிருந்தார் என்பது அந்நாளில் மிகச் சிலருக்கே தெரியும்.

மைனரைப் போலவே மர்ரேக்குக் கை கொடுத்த இன்னொருவர் ஃபிட்ஸ்எட்வர்ட் ஹால். அவரும் அமெரிக்கர், அவருக்கும் நம் நாட்டுத் தொடர்பு உண்டு. 1846ல் கங்கை முகத்துவாரத்தில் கப்பல் உடைந்து கரை ஏறியவர், காசியில் சம்ஸ்கிருதம் கற்று, கற்பித்து, நூல்கள் பதிப்பித்தார். பிறகு இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் யாருடனும் பழகாமல் ஒதுங்கி வாழ்ந்து, 1901ல் இறக்கும்வரை அகராதிக்காக நாள்தோறும் மணிக்கணக்கில் உழைத்தார். மர்ரேயும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. உலகம் ஒதுக்கிய ஒருவரும், உலகத்தை ஒதுக்கிய ஒருவரும் ஆங்கில அகராதியின் இரண்டு தூண்களாக நின்றார்கள்.

கதையும் உண்மையும்

மர்ரேயும் மைனரும் முதலில் சந்தித்ததைப் பற்றி ஒரு கதை நெடுங்காலம் வழங்கியது. மைனரைக் காப்பகத்தின் டாக்டர் என்றே மர்ரே நம்பியிருந்தாராம். நேரில் வந்து தலைமை அதிகாரியை மைனர் என்று எண்ணிக் கை குலுக்க, அவர் இல்லை, மைனர் எங்கள் நோயாளி என்றாராம். 1915ல் ஒரு பத்திரிகை கட்டிவிட்ட கதை அது. சுவையானது, ஆனால் உண்மையல்ல.

நடந்தது அதைவிட அழகானது. முதலில் சில ஆண்டுகள் மர்ரே அவரை ஓய்வு மிகுந்த ஒரு டாக்டர் என்றே எண்ணியிருந்தது மெய். பின்னர் ஓர் அமெரிக்க நூலக அதிகாரி பேச்சுவாக்கில் விஷயத்தைச் சொல்லிவிட்டார். மர்ரே திகைத்தார், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. அதே மரியாதையுடன் கடிதப் போக்குவரத்தைத் தொடர்ந்தார். 1891 ஜனவரியில், எல்லாம் தெரிந்துகொண்டே, பிராட்மூருக்குச் சென்று மைனரைப் பார்த்தார். பிறகு பல முறை சென்றார். தாடி வைத்த இரண்டு கிழவர்கள் சொற்களைப் பற்றிப் பேசிக்கொண்டு காப்பகத்தின் மதிலுக்குள் உலாவினார்கள். அகராதியின் முன்னுரையில் மற்ற அறிஞர்களின் பெயரோடு மைனரின் பெயரும் அச்சாகியிருந்தது. ஊர் கிரௌதார்ன் என்று மட்டும் இருந்தது.

கடைசி ஆண்டுகள்

சொல் வேலை மைனருக்கு நிம்மதி தந்தது, நோயைத் தீர்க்கவில்லை. வயது ஏற ஏற வேதனை மிகுந்தது. 1902ல் சீட்டு வெட்டும் சிறு கத்தியால் தம் உடம்பையே கோரமாகச் சிதைத்துக்கொண்டார். உயிர் தப்பியது, அகராதி வேலை அநேகமாக நின்றுபோயிற்று.

அவரைச் சொந்த நாட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று மர்ரேயும் நண்பர்களும் முயன்றார்கள். 1910ல் உள்துறை மந்திரியாக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் உத்தரவில் கையெழுத்திட்டார். இங்கிலாந்துக்குத் திரும்பக்கூடாது என்பது நிபந்தனை. சகோதரர் ஆல்ஃபிரட் வந்து அழைத்துச் சென்றார். மர்ரே நேரில் வந்து வழியனுப்பினார். மர்ரே 1915ல் காலமானார். அகராதி அப்போது 'டி' என்ற எழுத்தில் தொடங்கும் சொற்களைத் தாண்டிக்கொண்டிருந்தது.

மைனர் மீண்டும் அதே செயின்ட் எலிசபெத் மருத்துவமனையில் வைக்கப்பட்டார். 1918ல், அவருக்கு எண்பத்து நான்கு வயதில், டாக்டர்கள் நோய்க்கு ஒரு புதுப் பெயர் எழுதினார்கள்: 'டிமென்ஷியா ப்ரீகாக்ஸ்'. காலத்துக்கு முந்தி வந்த அறிவுத் தளர்ச்சி என்று அதற்குப் பொருள்! அந்தப் பெயரும் இன்று வழக்கொழிந்தது. இக்கால மருத்துவர்கள் 'ஸ்கிசோஃப்ரினியா' என்பர். சொற்களின் பழம்பொருளைத் தேடியவரின் நோயே பெயர் மாறி மாறி வந்திருக்கிறது. அவர் காலத்தில் அதற்குத் தகுந்த மருந்து இல்லை. 1950க்குப் பின் வந்த மாத்திரைகள் அக்காலத்தில் இருந்திருந்தால் மெரட் தம் வேலைக்குப் போய்த் திரும்பியிருப்பார். மைனரும் ஒரு சாதாரண டாக்டராக வாழ்ந்து முடித்திருக்கக்கூடும்.

1920 மார்ச் 26ந் தேதி கனெக்டிகட் மாநிலத்தில் மைனர் காலமானார். எட்டாண்டுகள் கழித்து, 1928ல், அகராதி நிறைவெய்தியது. பத்துத் தொகுதிகள், 4,14,825 சொற்கள், 18,27,306 மேற்கோள் சான்றுகள். 1989ல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு இருபது தொகுதிகளாக வளர்ந்தது. 1998ல் சைமன் வின்செஸ்டர் எழுதிய நூலும், 2019ல் வெளியான திரைப்படமும் மறந்துபோன அந்த மனிதரை உலகறியச் செய்தன.

மைனரை மகான் ஆக்குவோர் உண்டு. அது மெரட்டுக்குச் செய்யும் அநீதி. வெறும் கொலைகாரன் என்று தள்ளுவோரும் உண்டு. அதுவும் நியாயமல்ல. அவர் உழைத்த அகராதியிலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. அதில் ஒரு சொல்லுக்கு உயர்ந்த பொருளும் உண்டு, இழிந்த பொருளும் உண்டு. பின்னால் வந்த நல்ல பொருளுக்காக முன்னால் இருந்த கெட்ட பொருளை அடித்துவிடுவதில்லை. கெட்டது இருக்கிறதே என்று நல்லதை ஒளிப்பதும் இல்லை. எல்லாம் அதனதன் ஆண்டுடன் வரிசையாக நிற்கும். பிராட்மூருக்குப் புத்தகம் சுமந்து சென்ற எலைசா மெரட், அந்த அகராதியைப் பிரித்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் ஒரு மனிதனை முழுவதுமாகப் படிப்பது எப்படி என்பது அந்த ஏழைக்கு எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது.